மூடிக் கொடுத்த பால்

செப்டம்பர் 4, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு, அண்ணன் வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தாய் இல்லை. ஆகவே அண்ணன் வீடு, அண்ணன் மனைவி வடிவு மைனியின் கவனிப்பு. உள் அறையை ஒழித்து, ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக்கொடுத்து, பழைய வேட்டிகளைக் கிழித்து அடுக்கி வைத்திருக்கிறாள். கிழித்த ஓரங்களைக்கூட மடித்துத் தைத்திருக்கிறாள். நூல் பிரிந்து பாப்பாவின் விரலில் சுற்றிக்கொள்ளுமாம். மைனிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. இதையெல்லாம் எங்கே தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

பாப்பா குடிக்கிறாள், கக்குகிறாள். மறுபடி குடிக்கிறாள், மறுபடி கக்குகிறாள். வேறு செய்தி இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

பூண்டுக் குழம்பு, பூண்டுத் துவையல், பாலில் வேகவைத்த பூண்டு. என் பக்கத்தில் வர எனக்கே பிடிக்கவில்லை, பாப்பா எப்படித்தான் சகித்துக்கொள்கிறாளோ.

கூடத்தில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மைனி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவியபடி முற்றத்தில் உலாத்தினாள். பாப்பா விட்ட ஏப்பத்தைக் கேட்டால் லாரி டிரைவர் தோற்றுவிடுவார். “ஆத்தாடி, இம்புட்டுக் காத்தயா வயித்துக்குள்ள வச்சிருந்தே?” என்று மைனி சிரித்தாள். அப்புறம் பாப்பா கக்காமல் தூங்கிவிட்டாள். இன்று மூன்று துணிதான் நனைந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

சுரண்டையிலிருந்து பூரணம் அத்தை வந்திருந்தார், என் மாமியார். கூடவே இவரும் திருப்பூரிலிருந்து லீவில் வந்து, பாப்பாவை இரண்டு நிமிஷமும் போனை இரண்டு மணி நேரமும் பார்த்துவிட்டுப் போனார்.

அத்தைக்கு வடை பிடிக்கும் என்று மைனி அடுக்களையில் சுட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கட்டிலில் என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். “பிள்ள ஏன் இப்பிடிக் கக்குது?” என்றார். அப்புறம் அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தணித்துக்கொண்டு, “பால் குடுக்கப்ப ஆரு கண்ணுலயும் படாமக் குடு, கேட்டியா? எல்லாரு கண்ணும் ஒண்ணு போல இருக்காது. அதுலயும் ஏங்குத கண்ணு பொல்லாதது” என்றார்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். இந்த மாதிரிப் பேச்சை என் பிள்ளைகள் யாராவது பேசினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன். அத்தையிடம் “ம்” என்று மட்டும் சொன்னேன். பெரியவர்களிடம் எதற்கு வாக்குவாதம்?

வடை நன்றாக இருந்தது என்று அத்தை மைனியிடம் இரண்டு தரம் சொன்னார்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுக்கிறேன். கூடத்தில் காற்று அதிகம்.

செப்டம்பர் 11, புதன்

பாப்பாவுக்கு என்னோடு என்ன சண்டை என்று தெரியவில்லை. வாய் வைக்கிறாள், இரண்டு தரம் சப்புகிறாள், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அலறுகிறாள். எனக்குக் காம்பு வெடித்துப் பல்லைக் கடிக்கும்படி வலிக்கிறது. ஒருக்களித்துப் படுத்து, பழைய சேலையைத் தலையோடு போர்த்தி, அதற்குள் பாப்பாவை வைத்துக் கொடுக்கிறேன். கதவு சாத்தியிருந்தாலும் அதில் கை நுழைகிற அளவுக்கு இடுக்கு இருக்கிறது. சேலைக்குள் இருட்டு, புழுக்கம், பூண்டு. இன்று அலறியபோது “குடிச்சுத் தொலையேன்” என்று கத்திவிட்டேன். பாப்பா ஒரு கணம் வாயை மூடி என்னைப் பார்த்தாள். அதற்கு நான் அழுதேன்.

மைனி கதவைத் தட்டினாள். “ஆவுடை, முடிச்சிட்டியா? பிள்ளயக் குடு, தோள்ல போட்டுக்கிடுதேன்.”

“தூங்கிட்டா மைனி” என்றேன். தூங்கவில்லை. அப்படியே மல்லாக்கப் படுக்க வைத்திருந்தேன்.

“படுத்துக்கிட்டாக் குடுக்க? உக்காந்து குடுத்துப் பாரேன்.”

“தையல் வலிக்கு மைனி.”

தையல் வலி போன வாரமே போய்விட்டது. மைனி வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். விலகிப் போகிற காலடிச் சத்தம் உடனே கேட்கவில்லை. ஒட்டுக் கேட்கிறாளோ என்று எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

மைனி கஷாயத்தோடு திடீரென்று உள்ளே வந்துவிட்டாள். கதவைத் தாழிட மறந்திருந்தேன். புழுக்கம் தாளாமல் சேலையையும் சற்று விலக்கியிருந்தேன். பாப்பா அதிசயமாக அழாமல் குடித்துக்கொண்டிருந்தாள். மைனி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “எம்புட்டு சொகமாக் குடிக்கா, பாரேன்!” என்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பார்த்தேன். உள்ளபடியே அழகான சிரிப்பு.

நான் சேலையை இழுத்து மூடினேன்.

மைனி போன பிறகு பாப்பாவைப் படுக்க வைத்தேன். சிறிது நேரத்தில் குடித்ததையெல்லாம் கொட்டினாள். வாயாலும் மூக்காலும், திரித்திரியாக, புளித்த வாடையோடு. மூச்சுக்குத் திணறி முகம் சிவந்தது. மைனிதான் ஓடிவந்து பாப்பாவைக் குப்புறக் கையில் ஏந்தித் தட்டி மூக்கைத் துடைத்துவிட்டாள். பிடுங்காத குறையாக அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

சொல்லி வைத்தாற்போல நடக்குமா? தற்செயல்தான். எனக்குத் தெரியும், தற்செயல்தான். ஆனால் சாயங்காலம் வரை பாப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுச் சரிசெய்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நேற்றே அத்தைக்கு நானாகப் போன் செய்தேன். அவர் செய்யவில்லை, நான்தான். அத்தை சொன்ன வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உப்பு, மிளகாய் வற்றல், அதோடு யார் மேல் சந்தேகமோ அவர்கள் காலடி மண். பிள்ளையை மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். நெடி வந்தால் கண் இல்லை. நெடி வராவிட்டால் கண்தான்.

மைனி துணி துவைத்துவிட்டு உள்ளே போனதும் கொல்லைக்குப் போனேன். துவைகல் பக்கத்தில் அவள் கால் பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. அதில் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்தேன். அவள் அப்போதுதான் துவைத்துக் காயப்போட்டிருந்த பாப்பா துணிகள் என் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்தன.

அந்திக்குப் பாப்பாவைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட மைனி கொட்டாங்கச்சியில் நெருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். “கண்ணு கழிக்கணும் மைனி. தெருவுல ஆராரோ பாத்துட்டுப் போறாவ” என்றேன். “ஆமாட்டி, செஞ்சிருவோம். பச்சப்பிள்ள” என்று அவளே உட்கார்ந்தாள். நான் காகிதத்தைப் பிரித்தேன். பாப்பாவைச் சுற்றி நெருப்பில் போடுவதற்காக மைனி கையை நீட்டி வாங்கினாள். மண் அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

“எங்க எடுத்த மண்ணு?”

“தெருவுல.”

“ஈரமா இருக்கே” என்றாள்.

மழை பெய்து ஒரு மாதமாகிறது. தெரு புழுதியாகக் கிடக்கிறது. துவைகல் பக்கம் மட்டும்தான் ஈரம். மைனி உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாப்பாவை வலம் மூன்று, இடம் மூன்று சுற்றி, எல்லாவற்றையும் நெருப்பில் போட்டாள். எடுத்த எடுப்பில் நெடி கிளம்பி மூவரும் இருமினோம், கண்ணில் தண்ணீர் வந்தது. மைனி மட்டும் கடைசி வரை கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

நெடி வந்துவிட்டது. அப்படியென்றால் கண் இல்லை. இருந்தும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த பால் கொடுத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மைனிக்கு இப்போது வெளியே வேலை கூடிவிட்டது. பாப்பா பசிக்கு அழ ஆரம்பித்தால் போதும், மைனிக்குச் சீனி தீர்ந்துபோகிறது, பக்கத்து வீட்டில் இட்லித் தட்டு வாங்கவேண்டியிருக்கிறது, மாவு மில்லுக்குப் போகவேண்டியிருக்கிறது. பாப்பா தூங்கியபிறகுதான் வருகிறாள். வந்து கக்கிய துணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறாள். இப்போதெல்லாம் பாப்பா இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. கை தன்னால் தடவித் துணியை எடுக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லையே. அவளாகத்தான் போகிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

பாப்பாவுக்கு எடை ஏறவில்லை. பிறந்தபோது இருந்ததைவிடக் குறைவு. தராசில் கிடந்தபோது விலா எலும்பு தெரிந்தது. நர்ஸ் இரண்டாம் தரம் போட்டுப் பார்த்தார். தென்காசியில் பிள்ளைகள் டாக்டரம்மாவிடம் காட்டப் போயிருந்தோம், வெடுக்கென்று பேசுகிறவர். அண்ணன் தன் ஆட்டோவிலேயே கூட்டிப்போனான். அவன் வெளியே நின்றான், மைனி பையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“தாய்ப்பால்தானே? எப்படிக் குடுக்கறீங்க? இங்கயே காட்டுங்க” என்றார் டாக்டர்.

நான் அசையவில்லை. மைனி எழுந்தாள். “நான் வெளிய இருக்கேன்” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துச் சேலையைப் போர்த்தினேன். டாக்டர் அதை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். “பாப்பா மொகம் எங்கம்மா? அவ எப்படிப் பிடிச்சிருக்கான்னு நீங்க பாக்க வேண்டாமா? காம்பு நுனிய மட்டும் சப்பிட்டிருக்கா. பால் பாதி, காத்து பாதி. வலிக்குமே உங்களுக்கு?”

தலையாட்டினேன். அவரே என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, பாப்பாவின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாயை அகலத் திறக்க வைத்து, மோவாய் மார்பில் பதிய அணைத்துக் காட்டினார். வலிக்கவில்லை. பாப்பா மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளாக நான் கேட்காத சத்தம்.

“குடிச்சதும் நிமித்தித் தோள்ல போட்டு வெக்கறீங்களா?”

“மொதல்ல மைனி போட்டுக்கிட்டாங்க.”

“இப்ப?”

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“எதுக்கும்மா இப்படி மூடிக்கிட்டுக் குடுக்கணும்? வீட்டுல ஆம்பளைங்க நெறையவா?”

“இல்ல டாக்டர்.”

“பின்ன யாருக்குப் பயந்து?”

வாசலுக்கு அந்தப் பக்கம் மைனி இருந்தாள். கதவு மெல்லியது. நான் பாப்பாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன். டாக்டர் விட்டுவிட்டார். நோய் ஒன்றுமில்லை, இதே மாதிரி உட்கார்ந்து கொடுங்கள், குடித்ததும் தோளில் போட்டு வையுங்கள், கொஞ்சம் கக்குவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, அதற்குப் பயப்படாதீர்கள், எடை ஏறினால் போதும் என்றார்.

திரும்பி வரும்போது மைனி கேட்டாள்: “டாக்டர் என்ன சொன்னாவ?”

“ஒண்ணுமில்ல மைனி. போகப்போக சரியாயிரும்னாங்க.”

ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் மூடிக் கொடுத்ததுதான் காரணமாம் என்று. அதைச் சொன்னால் எதற்கு மூடினாய் என்று கேட்பாளே. வழி முழுவதும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மைனி புளியங்குடிக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவுக்கு முழங்கால் வலியாம். பத்து நாள் பத்தியத்துக்கு வேண்டியதை இடித்து டப்பா டப்பாவாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். என்னைப் பார்த்துக்கொள்ள அத்தை வருகிறார்.

செப்டம்பர் 23, திங்கள்

நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒன்றும் போர்த்தாமல் பால் கொடுக்கிறேன். அத்தை எதிரே உட்கார்ந்து பார்க்கிறார். அத்தையின் கண் நல்ல கண்.

செப்டம்பர் 27, வெள்ளி

எடை ஏறிவிட்டது! கழுத்தில் மடிப்பு விழ ஆரம்பித்திருக்கிறது. கக்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏப்பம் மட்டும் பழைய லாரி டிரைவர்தான்.

அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: “ஆளு அங்கிட்டுப் போகவும் பிள்ள தேறிட்டு, பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்.”

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்துபோய், அப்படியில்லை அத்தை, டாக்டர் என்னைத்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பாப்பா தோளில் இருந்தாள், எழுந்தால் முழித்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். நல்ல சாக்கு. இந்த மாதத்தில் நான் பொறுக்கி வைத்த சாக்குகளில் இதுவும் ஒன்று. என்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். “மைனி எப்ப வாராவ?” என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: “வர மாட்டேங்கா. பிள்ளைக்கு எட ஏறிட்டுன்னு போன்ல சொன்னேன். பொசுக்குன்னு அழுதுட்டா. ‘பாத்தியளா, நான் இங்க வந்தது நல்லதாப் போச்சு’ங்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க ரெண்டு பேரும் சண்டை கிண்டை போட்டியளா?”

“இல்ல.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளையளக் கூட இப்பம் தூக்க மாட்டேங்காளாம், அவ அம்மா சொல்லுதாவ. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காளாம்.” அண்ணன் தட்டிலேயே கை கழுவினான். பாதிச் சோறு மீதி இருந்தது.

மண்ணை அள்ளியது நான். மூடியது நான். சரியான பிறகு காரணத்தைச் சொல்லாமல் மறைத்ததும் நான். அவள் போன நாளும் நான் ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்த நாளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதைப் பார்த்துத் தன் கண்ணைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அந்த முடிவை மாற்றக்கூடிய ஒரே வார்த்தை என் வாயில் இருக்கிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

போன் செய்தேன். மைனி எடுத்ததும், “பிள்ள நல்லாருக்கால்லா?” என்றாள். நல்லாயிருக்கிறாள் என்றேன். “அது போதும்ட்டி” என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 2, புதன்

நாற்பது நாள் கழியாமல் பச்சைப்பிள்ளையை எங்கே தூக்கிப் போகிறாய் என்று அத்தை குதித்தார். எங்கே என்று சொன்னதும் இன்னும் உயரமாகக் குதித்தார். அண்ணன் ஆட்டோவில் புளியங்குடிக்குப் போனேன்.

மைனி இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பாப்பாவைப் பார்த்ததும் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் அம்மா காப்பி போட உள்ளே போனார். நான் கூடத்தில் பாயில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். மைனி உடனே செருப்பைத் தேடினாள்.

“போகாதிய மைனி. நான் சொல்லுதத கேட்டுட்டுப் போங்க.”

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகிடம் சொன்னேன். “டாக்டர் அன்னைக்குச் சொன்னத நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன். பிள்ள கக்குனதுக்கு நாந்தான் காரணம். சேலையப் போட்டு மூடி, படுக்க வச்சே குடுத்தேன். வாயில சரியாப் பிடிக்கல, காத்தக் குடிச்சா. தோள்லயும் போடல. நீங்க தோள்ல போட்ட நேரமெல்லாம் கக்கவே இல்ல. உங்க கண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது.”

“எதுக்கு மூடுன?” என்றாள் மைனி.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாளும்.

“உங்களுக்குப் பயந்து” என்றேன். “அந்த மண்ணும் உங்க காலடி மண்ணுதான்.”

“தெரியும்.”

பாப்பா குடித்து முடித்தாள். எழுந்துபோய், மைனி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் தோளில் பாப்பாவைச் சாய்த்தேன். வேறு வழியில்லாமல் மைனியின் கைகள் வந்து தாங்கிக்கொண்டன. பழைய கைகள்தான், உடனே முதுகைத் தடவ ஆரம்பித்துவிட்டன. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தாள். பாப்பா பெரிய ஏப்பம் விட்டாள். மைனியின் உதடு சிரிக்கப் போனது.

அப்போது பாப்பா கொஞ்சம் கக்கினாள். ஒரு வாய் பால், அவ்வளவுதான். மைனியின் தோளில் ஓடி ரவிக்கையை நனைத்தது.

மைனி விறைத்துப்போனாள். கண்ணைத் திறக்காமலே பாப்பாவை என் பக்கம் நீட்டினாள். “வாங்கிக்கோ. ஏட்டி, வாங்கிக்கோ சீக்கிரம்.”

“மைனி, இது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. டாக்டரே சொன்னாங்க. ஒரு வாய்தான, எங்கிட்டயும் தெனமும் கக்குதா. சத்தியமா மைனி.”

“நீ டீச்சரு” என்றாள் மைனி. “நாலு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கவ. ஒனக்கே எங்கண்ணப் பாத்துப் பயம் வந்துட்டு. எனக்கு வராதா?”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று மைனி, மைனி என்று கூப்பிட்டேன். அவள் அம்மா காப்பி டம்ளரோடு என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து, “பிள்ளைக்கு வெயில் படாமக் கொண்டு போ” என்று குரல் மட்டும் வந்தது.

வாசலில் அண்ணன் ஆட்டோவின் பின் சீட்டைத் துடைத்து, மைனியின் பெட்டி வைப்பதற்காகக் கால் வைக்கிற இடத்தையும் ஒழித்து வைத்திருந்தான். நான் மட்டும் வருவதைப் பார்த்ததும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “என்னட்டி சொன்னா?” என்று கேட்டான். அவனிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.